இடது பக்கத்து பிரேக்

ஜாம்ஷெட்பூர்
4 ஜூன் 2023

சேசுவுக்கே புகழ்.

அன்புள்ள அத்தைக்கு,

கிறிஸ்துராஜ் எழுதுவது. இங்கே நானும் ஜெசிந்தாவும் அப்பாவும் சுகம். வெயில்தான் ஆளைச் சுருட்டிப் போடுகிறது. உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி? தைலம் தீர்ந்திருந்தால் எழுதுங்கள், அனுப்புகிறேன்.

போனில் வாங்கல் விற்றல் பேசினால் நீங்கள் வைத்துவிடுவீர்கள். அதனால் இந்தக் கடிதம். இரண்டு வருடமாகப் பழைய பியட் கார் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். போன மாசியில் சேலத்தில் ஒன்றைப் படத்தில் பார்த்து மயங்கி, ரயிலேறிப் போனேன். துருப்பிடித்த கதவுகளின் மேல் பட்டி பூசிப் பளபளவென்று பெயிண்ட் அடித்திருந்தார்கள். கட்டைவிரலால் அழுத்தினேன், டீயில் தோய்க்கிற வறுக்கி ரொட்டி மாதிரி நொறுங்கியது.

மாமாவின் டிரைவிங் ஸ்கூல் வண்டியில் கற்றவனுக்கு வேறு கார் எதுவும் கார் மாதிரியே தெரிவதில்லை. ஸ்டியரிங்கில் கியர், இடது பக்கம் நீங்கள், உங்கள் காலடியில் உங்களுக்கென்று தனி பிரேக். அந்த வண்டியை நான் கேட்க மாட்டேன். அது உங்களுக்குக் கை கால் மாதிரி.

ஆனால் அதே மாதிரி ஒன்று வத்தலக்குண்டில் விலைக்கு வந்திருப்பதாக இணையத்தில் ஒரு விளம்பரம் பார்த்தேன். 1969 மாடல், கரும்பச்சை நிறம், ஒரே குடும்பம் ஓட்டியது. பழனிக்குமார் என்பவருடைய ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறதாம். நம்பர் பிளேட்டைத் துண்டு போட்டு மூடிப் படம் எடுத்திருக்கிறார்கள். நீங்கள் உங்கள் வண்டியிலேயே ஒரு நடை போய், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டுப் பார்த்து எழுத முடியுமா? உங்கள் கண்ணை யாரும் ஏமாற்ற முடியாது.

அப்பா முன்னறைக்கு வெள்ளை அடித்து முடித்துவிட்டார். "அக்கா இன்னும் கார் ஓட்டுதா? என்னைக்கு நிப்பாட்டுதோ அன்னைக்கே போய்க் கூட்டிட்டு வந்துருவேன்" என்கிறார். சும்மா சொல்லவில்லை.

உங்கள் ஆசீர்வாதம் வேண்டும்,
கிறிஸ்துராஜ்


திண்டுக்கல், மரியநாதபுரம்
12 ஜூன் 2023

பழனிக்குமாருக்கு,

நலம். உன் தாயாருக்குச் சர்க்கரை குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

என் வண்டியை விற்றுத் தரச் சொன்னேன். பெயிண்ட் அடிக்கச் சொல்லவில்லை. ஐம்பது வருடம் பாலாடை நிறத்தில் இருந்த காருக்குக் கரும்பச்சை அடிக்க உனக்கு யார் உத்தரவு கொடுத்தது? அதை ஊரறிய இணையத்தில் போட யார் சொன்னது?

விளைவைக் கேள். ஜாம்ஷெட்பூரில் இருக்கும் என் தம்பி மகன் அந்த விளம்பரத்தைப் பார்த்திருக்கிறான். என் வண்டி என்று தெரியாமல், என் வண்டியையே போய்ப் பார்த்து எழுதும்படி என்னிடமே கேட்கிறான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்த வேண்டுமாம்.

நான் ஏப்ரலிலேயே ஓட்டுவதை நிறுத்தியது என் தம்பிக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அடுத்த ரயிலில் வந்து நிற்பான். இந்த வீட்டில் என் சாவியால் நான் கதவைத் திறந்து மூடி வாழ்கிறேன். இன்னொருவர் வீட்டு முன்னறையில் எனக்கு வேலையில்லை.

நான் தந்த தபால் கார்டுகளில் ஒன்றில் உடனே பதில் எழுது.

செபாஸ்தியம்மாள்


வத்தலக்குண்டு
15 ஜூன்

முருகன் துணை.

டீச்சரம்மாவுக்கு வணக்கம். அம்மாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை. மாம்பழத்தை ஒளிச்சு வச்சிருக்கேன்.

கோவிச்சுக்காதீங்க. பழைய வெள்ளை வெளுத்துப்போயி சுண்ணாம்புச் சுவர் கணக்கா இருந்துச்சு. ஒருத்தனும் திரும்பிப் பாக்கல. பச்சை அடிச்ச மறுநாளே அம்புட்டுப் பேரு போன் பண்றாங்க. உள்ளேயும் புதுக் கார்ப்பெட் போட்டுட்டேன். பட்டி ஒரு பொட்டு கூட வைக்கல, அது உங்க வீட்டு வாத்தியார் ஐயா மேல சத்தியம்.

உங்க மருமகன் வாங்கினா வாங்கட்டுமே. ஆர்.சி. புக்கை முதல்ல என் பேருக்கு மாத்திக்கிருவோம். நான் வித்த மாதிரி இருக்கும். யாருக்குத் தெரியப் போகுது?

பழனிக்குமார்


திண்டுக்கல்
20 ஜூன் 2023

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள கிறிஸ்துராஜுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் என் சொல்லைக் கேட்கிறது. தைலம் இருக்கிறது. வெயிலில் அப்பாவைத் தொப்பி இல்லாமல் வெளியே விடாதே.

சேலத்துக்கு நீ காந்தம் எடுத்துப் போயிருக்க வேண்டும். தகட்டில் காந்தம் ஒட்டும், பட்டியில் ஒட்டாது. இது உன் மாமா உனக்குச் சொல்லித் தந்ததுதான். படத்தைப் பார்த்து வண்டி வாங்குவது, படத்தைப் பார்த்துப் பெண் கட்டுவதை விட மோசம். பெண்ணாவது வாய் திறந்து குறையைச் சொல்வாள்.

வத்தலக்குண்டு வண்டியைப் பார்க்கிறேன். என்னென்ன தெரிய வேண்டும் என்று வரிசையாக எழுது. எனக்குத் தெரிந்ததை எழுதுவேன். தெரியாததை எழுத மாட்டேன். அதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்காதே.

முன்னறைக்கு வெள்ளை அடித்ததில் சந்தோஷம் என்று அப்பாவிடம் சொல். விருந்தாளிகளுக்கு உதவும். மருமகளுக்கு என் அன்பு.

அத்தை
செபாஸ்தியம்மாள்


ஜாம்ஷெட்பூர்
1 ஜூலை 2023

சேசுவுக்கே புகழ்.

அன்புள்ள அத்தைக்கு,

எல்லாரும் சுகம். மழை பிடித்துவிட்டது. அப்பா தொப்பி போடுகிறார், ஆனால் வீட்டுக்குள்ளே.

கேள்விகள் இவைதான். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது எத்தனை தடவையில் எழும்புகிறது? புகை என்ன நிறம்? இரண்டாவது கியர் உங்கள் வண்டியைப் போலச் சண்டை போடுகிறதா? தரைத்தகடு துருவா? கடைசியாக, விற்பவர் யார், ஏன் விற்கிறார்? காரணம் தெரியாமல் நல்ல வண்டியைக் கூட வாங்கக் கூடாது என்று மாமா சொல்வார்.

மலைக்குப் போகிற சுற்றுலா வண்டிகள் கண்மண் தெரியாமல் வரும். பார்த்து ஓட்டுங்கள்.

கிறிஸ்துராஜ்


திண்டுக்கல்
15 ஜூலை 2023

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள கிறிஸ்துராஜுக்கு,

சுகம். வியாழக்கிழமை வத்தலக்குண்டு போய் வந்தேன். பஸ்ஸில் போனேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடப்பதற்குள் மூன்று பேர் கொடைக்கானலுக்கு ஜீப் வேண்டுமா என்று கேட்டார்கள்.

வண்டி ஒர்க்‌ஷாப்பின் பின்னால் வேப்பமரத்தடியில் நிற்கிறது. நிறம் சகிக்கவில்லை. அதைத் தவிர மற்றவை கீழே.

இன்ஜின் இரண்டாவது தடவையில் எழும்பியது. சோக்கை முழுதும் இழுக்க வேண்டும். புகை முதலில் வெள்ளை, இரண்டு நிமிடத்தில் நின்றுவிடுகிறது. இரண்டாவது கியர் சண்டை போடுகிறது. கிளச்சை ஒருமுறை விட்டு மறுபடி மிதித்தால் சமாதானமாகிறது. நான்கு கதவுகளிலும் காந்தம் ஒட்டியது. ஓட்டுநர் பக்கத்துத் தரையைச் சுத்தியலால் தட்டினேன். சத்தம் கெட்டியாக இருக்கிறது. பின் சீட்டில் மழைத்தண்ணீர் ஒழுகிய வாடை அடிக்கிறது, இடது பின் கண்ணாடியின் ரப்பரை மாற்ற வேண்டும். டயர்கள் கிழம்.

என் வண்டியோடு ஒப்பிடச் சொன்னாய். ஒப்பிட்டேன். வித்தியாசம் எதுவும் இல்லை.

விற்பவர் ஒரு விதவை. வயதானவர். விற்கும் காரணத்தை வாங்க வருகிற எவரிடமும் அவர் சொல்லவில்லை. வண்டியின் மேல் குறை இருந்து விற்கவில்லை என்பதை மட்டும் நான் உறுதியாகச் சொல்ல முடியும்.

நான் நின்றிருந்தபோது வேறொருவரும் பார்க்க வந்தார். மலை மேல் தங்கும் விடுதி கட்டுகிறாராம். இன்ஜினை எழுப்பச் சொல்லவே இல்லை. பானெட்டைத் தட்டி, "ஏப்பா, இதுக்குள்ள இருக்கறத எல்லாம் கழட்டிட்டு மண்ணைக் கொட்டி ரோசாச் செடி வைக்கலாம்ல? வாசல்ல நின்னா போட்டோ புடிச்சுக்கிருவாக" என்றார். பழனிக்குமார், "வைக்கலாம் சார், டிக்கியில புதினா போடுங்க, சட்னிக்கு ஆகும்" என்றான். அவர் அதையும் யோசித்துப் பார்த்தார்.

அத்தை
செபாஸ்தியம்மாள்


ஜாம்ஷெட்பூர்
26 ஜூலை 2023

சேசுவுக்கே புகழ்.

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். ஜெசிந்தா, "சம்பந்தம் பேசப் போன மாதிரியில்ல எழுதியிருக்காங்க" என்று சிரித்தாள். எனக்கு வண்டியை ஓட்டிப் பார்த்த மாதிரியே இருந்தது.

முடிவு செய்துவிட்டேன். வாங்குகிறேன். பச்சையும் எனக்குப் பிடித்திருக்கிறது, மன்னியுங்கள்.

இடது பக்கத்துத் தரையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. அதைக் கேட்கப் போவதில்லை. அத்தை எழுதவில்லை என்றால் அங்கே எழுத ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். வேறு யார் எழுதியிருந்தாலும் நானே போய்த் தட்டிப் பார்த்திருப்பேன்.

ஏன் பஸ்ஸில் போனீர்கள்? உங்கள் வண்டிக்கு ஏதாவது வேலையா? சொன்னால் அந்தப் பழனிக்குமாரிடமே பேசுகிறேன்.

கிறிஸ்துராஜ்


வத்தலக்குண்டு
5 ஆகஸ்டு

முருகன் துணை.

டீச்சரம்மாவுக்கு வணக்கம். உங்க கார்டு வந்துச்சு. அந்தத் தகட்டைப் பத்தி எழுதட்டுமான்னு கேட்டிருக்கீங்க. எழுதாதீங்க. ரெண்டாவது பிரேக் இருந்த ஓட்டையை டிரைவிங் ஸ்கூலை மூடுனப்ப வாத்தியார் ஐயா தகடு வச்சு அடைச்சு, பதிமூணு வருசமாச்சு. அது குறையே இல்ல. மேல கார்ப்பெட் கெடக்கு. எவன் தூக்கிப் பாக்கப் போறான்? ஆனா எழுதுனீங்கன்னு வைங்க, உங்க மருமகன் படிச்ச அந்த நிமிசமே கண்டுபிடிச்சிருவாரு. இந்த ஜில்லாவுல ரெண்டு பிரேக்கு வச்ச பியட்டு ஒண்ணுதான்.

ரோசாச் செடிக்காரர் நாளைக்கு வரட்டுமான்னு கேக்குறாரு. சொல்லுங்க.

பழனிக்குமார்


திண்டுக்கல்
10 ஆகஸ்டு 2023

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள கிறிஸ்துராஜுக்கு,

சுகம். நீங்கள் அனைவரும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன்.

வத்தலக்குண்டு வண்டியைப் பற்றி நான் எழுதிய கடிதத்தில் ஒரு குறைவு உண்டு. வாங்குகிறேன் என்று நீ சொல்லிவிட்ட பிறகு அதை நிரப்பாமல் இருப்பது முறையல்ல. பள்ளியில் எங்கள் மதர், சொன்ன பொய்யை மட்டுமல்ல, சொல்லாமல் விட்ட உண்மையையும் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் ஒப்புக்கொள்ளச் சொல்வார். அப்போது அது எனக்கு அநியாயமாகப் பட்டது.

இடது பக்கத்துத் தரை: முன் சீட்டுக்குக் கீழே, புதிய கார்ப்பெட்டின் அடியில், இரண்டு கை அகலத்துக்கு ஒரு தகடு அடைத்திருக்கிறது. சுற்றிலும் எட்டு ரிவெட். துரு இல்லை. காலை ஊன்றலாம். அங்கே ஒரு காலத்தில் இன்னொரு பிரேக் இருந்தது. அதன் மேல் யாருடைய கால் இருந்தது என்று உனக்குத் தெரியும்.

இதை அறிந்த பிறகு நீ வாங்கினாலும் சரி, வாங்காவிட்டாலும் சரி. வாங்குவதானால் வண்டிக்காக வாங்கு. வேறு எதற்காகவாவது வாங்குவதாக இருந்தால் விடுதிக்காரருக்குக் கொடுத்துவிடச் சொல்கிறேன். ரோஜாச் செடிக்கு இரக்கம் தெரியாது.

இதை யாரிடம் வாசித்துக் காட்டுவது என்பது உன் மனசாட்சியைப் பொறுத்தது. நான் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை.

அத்தை
செபாஸ்தியம்மாள்


திண்டுக்கல்
25 செப்டம்பர் 2023

பழனிக்குமாருக்கு,

நலம். நான் எழுதி ஆறு வாரமாகியும் ஜாம்ஷெட்பூரிலிருந்து கடிதம் இல்லை. தபால்காரரை இரண்டு முறை கேட்டேன். மூன்றாம் முறை அவர் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே கையை விரித்துவிட்டார். ரயிலில் யாரும் வந்து இறங்கவும் இல்லை. தெருவில் ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து பார்க்கிறேன்.

விடுதிக்காரரிடம் அக்டோபர் பதினைந்துவரை பொறுக்கச் சொல். அதற்குள் பதில் வராவிட்டால் அவர் எடுத்துக்கொள்ளட்டும். இன்ஜினை நீ கழற்றாதே. அதை அவரே ஆள் வைத்துச் செய்யட்டும். நான் அன்று அங்கே வர மாட்டேன்.

வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஓட விடு. பேட்டரி இறங்கிவிடும்.

செபாஸ்தியம்மாள்


ஜாம்ஷெட்பூர்
6 அக்டோபர் 2023

சேசுவுக்கே புகழ்.

அன்புள்ள அத்தைக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. எல்லாரும் சுகம்.

வண்டிக்காக வாங்குகிறேன். வேறு எதற்காகவும் இல்லை. வண்டி உரிமையாளர் அம்மாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும். மூன்று நிபந்தனைகள்.

ஒன்று. ஆர்.சி. நேராக அந்த அம்மாவின் பெயரிலிருந்து என் பெயருக்கு மாற வேண்டும். நடுவில் யாரும் வேண்டாம்.

இரண்டு. இங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு. கார் நிறுத்த எனக்கு இடமில்லை. வேறு மாநிலத்துக்குக் கொண்டுவரக் காகிதம் போடவே ஆறு மாதம் ஆகும். இரண்டு வருடத்தில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஊருக்கு வரப் போகிறேன். அதுவரை வண்டி திண்டுக்கல்லில், மரியநாதபுரத்தில், நீங்கள் சொல்லும் ஷெட்டில் நிற்க வேண்டும். பழனிக்குமார் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, பூசைக்குப் போகிற யாரையாவது ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று ஓட்டட்டும். நிற்கிற வண்டி கெட்டுப்போகும்.

மூன்று. அந்தத் தகட்டை எடுத்துவிட்டு இடது பக்கத்து பிரேக்கை மறுபடி மாட்ட வேண்டும். தொண்ணூற்றாறில், நான் பதினெட்டு வயதில், பேகம்பூர் திருப்பத்தில் தண்ணீர் லாரி ஒன்றுக்கு நேராகப் போனேன். என் கால் எந்தப் பெடலையும் கண்டுபிடிக்கவில்லை. வண்டி தானாக நின்றது. திரும்பிப் பார்த்தால் இடது பக்கம் ஒரு கறுப்புக் கான்வாஸ் ஷூ, கடைசிவரை அழுத்தியபடி. நீங்கள் என்னைத் திட்டவில்லை. "இப்ப ரிவர்ஸ் போடு" என்றீர்கள், அவ்வளவுதான். அந்த பிரேக் இல்லாத பியட்டை ஓட்ட எனக்குத் தைரியம் இல்லை.

அப்பா நேற்று, "அக்கா வண்டி எப்படி இருக்காம்?" என்று கேட்டார். நான் பொய் சொல்லவில்லை. "நல்லா ஓடுது, பச்சை பெயிண்ட் அடிச்சிருக்கு" என்றேன். "எழுபத்தாறு வயசுல பச்சையா! கொழுப்பப் பாரு" என்று ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு முன்னறையில் தன் ஈசிச்சேரைக் கொண்டு போய்ப் போட்டுக்கொண்டார். அங்கேதான் காற்று வருகிறதாம்.

டிசம்பர் இருபதாம் தேதி அங்கே வந்து இறங்குகிற மாதிரி டிக்கெட் எடுத்துவிட்டேன்.

உங்கள் ஆசீர்வாதம் வேண்டும்,
கிறிஸ்துராஜ்


திண்டுக்கல்
18 அக்டோபர் 2023

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள கிறிஸ்துராஜுக்கு,

உன் கடிதம் பன்னிரண்டாம் தேதி கிடைத்தது. அன்றே வத்தலக்குண்டுக்குப் போனேன். உரிமையாளர் மூன்று நிபந்தனைகளுக்கும் சம்மதித்தார். யோசிக்க ஒரு நாள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பிரேக் பெடல் என் வீட்டு மரப்பெட்டியில், உன் மாமாவின் ரசீதுப் புத்தகங்களுக்கு அடியில் இருந்தது. கழற்றியதை எறியாமல் கிரீஸ் தடவித் துணியில் சுற்றி வைத்திருந்தார். எதற்கு என்று அப்போது கேட்டேன். "இருக்கட்டும்" என்றார். பழனிக்குமார் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "டீச்சரம்மா, ரப்பர்ல உங்க கால் பட்டுத் தேஞ்ச பள்ளம் அப்பிடியே இருக்கு" என்றான். புது ரப்பர் போடட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

விடுதிக்காரருக்குப் பழனிக்குமார் வேறு ஏதோ ஒரு காரைக் காட்டியிருக்கிறான். ஓடாத கார். எல்லாருக்கும் திருப்தி.

நேற்று வண்டி ஷெட்டுக்கு வந்து சேர்ந்தது. பழனிக்குமார் ஓட்டினான், நான் இடது பக்கம் உட்கார்ந்து வந்தேன். செம்பட்டி தாண்டி ஒரு ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. அவனுக்கு முன்னால் நான் அழுத்தினேன். நன்றாகப் பிடிக்கிறது. "ஏம்மா, நானும் பார்த்துட்டுத்தாம்மா இருந்தேன்" என்றான். பார்ப்பது வேறு, நிறுத்துவது வேறு என்று சொன்னேன்.

நீ கேட்கவில்லை. கேட்காததற்கு நன்றி. இருந்தாலும் வாங்குகிறவனுக்குக் காரணம் தெரிய வேண்டும் என்பது மாமாவின் விதி, அதனால் எழுதுகிறேன். கண்ணில் அழுத்தம் என்கிறார் மருத்துவர். சொட்டு மருந்து தவறாமல் போடுகிறேன். நேரே இருப்பது தெளிவாகத் தெரிகிறது. பக்கத்தில் வருவதுதான் தெரிவதில்லை. ஓட்டுகிறவருக்கு அது போதாது. இடது சீட்டுக்கு அது போதும்.

இதை அப்பாவிடம் கிறிஸ்துமஸ் முடிந்து, பலகாரம் எல்லாம் தின்று தீர்ந்த பிறகு நானே எழுதுவேன். நீ முந்திக்கொள்ளாதே. ஈசிச்சேர் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.

பச்சை நிறம் இன்னமும் எனக்குப் பிடிக்கவில்லை. இனி அது உன் வண்டி, உன் இஷ்டம்.

இருபதாம் தேதி பழனிக்குமாரை வண்டியை ஓட்டச் சொல்லி ஸ்டேஷனுக்கு வருகிறேன். அங்கிருந்து வீடுவரை நீதான் ஓட்ட வேண்டும். இரண்டாவது கியரில் கிளச்சை ஒருமுறை விட்டு மறுபடி மிதி. பேகம்பூர் திருப்பத்தில் அவசரப்படாதே. நான் இடது பக்கம் இருப்பேன்.

அத்தை
செபாஸ்தியம்மாள்